சிறுவாட்டுக் காசும் திருச்சபையின் படிப்பினையும்

பத்துத் திராக்மா வைத்திருந்த ஒரு பெண்ணைப் பற்றி ஆண்டவர் இயேசு கூறியதை லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பத்தில் ஒன்று காணாமற் போகிறது. அவள் விளக்கை ஏற்றி, வீட்டைப் பெருக்கி, அது கிடைக்கும்வரை கவனமாகத் தேடுகிறாள். மனம் மாறும் பாவியைக் குறித்து விண்ணகத்தில் உண்டாகும் மகிழ்ச்சியை விளக்கவே ஆண்டவர் இந்த உவமையைச் சொன்னார். ஆயினும் அதற்காக அவர் எடுத்துக்கொண்ட காட்சியையும் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரு திராக்மா என்பது அன்று ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஒரு நாள் கூலி. பத்துத் திராக்மா என்றால் பத்து நாள் உழைப்பு. பணக்கார வீட்டில் அது கணக்கில் வராத தொகை. அந்தப் பெண்ணுக்கோ அதுவே சேமிப்பு. அதனால்தான் ஒரு காசுக்காக வீடு முழுவதையும் பெருக்கினாள்.

இந்தப் பெண்ணை நமக்கு நன்றாகத் தெரியும். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பகுதிகளில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுபவள் அவள். சேரன்மகாதேவி வயலில் நடவு நடுபவளும், பத்தமடையில் கோரைப் பாய் நெய்பவளும், விடலைகளில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவளும் அவளே. அஞ்சறைப் பெட்டியின் அடியிலும், அரிசிப் பானைக்குள்ளும், சேலை மடிப்பிலும் அவள் ஒதுக்கி வைக்கும் பணத்திற்கு நம் ஊரில் சிறுவாடு என்று பெயர். பிள்ளையின் காய்ச்சலுக்கும், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்திற்கும், திடீரென்று வரும் சாவுச் செலவுக்கும் அந்தச் சிறுவாடுதான் கைகொடுக்கும்.

இந்தச் சிறு பணத்தைப் பொருளாதார அறிஞர்களும் அரசுகளும் வெவ்வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் அதைப் புண்ணியம் என்றார். வேறொருவர் அது ஊருக்குக் கேடாகவும் முடியலாம் என்றார். சில அரசுகள் அதைத் தங்கள் திட்டங்களுக்குத் தேவையான நிதியாகக் கண்டன. திருச்சபைக்கும் இதில் ஒரு தெளிவான படிப்பினை உண்டு. அதை அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது.

அணையில் தேங்குவதா, வாய்க்காலில் ஓடுவதா?

நமக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குவோம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நீர் தருகின்றன. 143 அடி கொள்ளளவு உயரம் கொண்ட பாபநாசம் அணையும், 118 அடி கொண்ட மணிமுத்தாறு அணையும் அந்த நீரைத் தேக்கி வைக்கின்றன. தேக்கிய நீர் கன்னடியன் கால்வாய், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் என்று பிரிந்து ஓடிக் காருக்கும் பிசானத்துக்கும் பாய்கிறது.

அணையே இல்லாவிட்டால் வெள்ளம் ஒரே வாரத்தில் கடலுக்குப் போய்விடும், வயல் காயும். அணையைத் திறக்காமலே வைத்திருந்தாலும் வயல் காயத்தான் செய்யும். சேமிப்பைப் பற்றிப் பொருளாதார அறிஞர்களுக்குள் நடந்த வாக்குவாதம் ஏறத்தாழ இதுதான். எவ்வளவு தேக்குவது, எப்போது திறப்பது என்பது ஒரு கேள்வி. யார் வயலுக்கு விடுவது, மடையின் சாவி யார் கையில் இருப்பது என்பவை அதைவிடப் பெரிய கேள்விகள்.

முதலாளித்துவம்: சேமிப்பே மூலதனம்

ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆதாம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில், ஒரு நாட்டின் மூலதனம் பெருகுவதற்குச் சிக்கனமே காரணம் என்று வாதிட்டார். ஒருவர் செலவழிக்காமல் ஒதுக்கியது இன்னொருவர் கையில் தறியாகவும் கடையாகவும் மாறி வேலை தருகிறது என்பது அவரது விளக்கம். வங்கி என்னும் அமைப்பே இந்த எண்ணத்தின்மேல்தான் நிற்கிறது.

நம் பகுதியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. வணிகர்கள் தங்கள் பணத்தை ஒன்றுசேர்த்து, தங்கள் வணிகத்துக்குத் தாங்களே கடன் கொடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். அதுவே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாற்றம் பெற்றது.

ஆனால் இந்த அமைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. போட்டவர் ஒருவர், அதை வைத்து விளையாடுபவர் வேறொருவர். 1906 அக்டோபரில் சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் நொடித்துப் போனபோது, நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்த வேதனையின் பின்னணியில்தான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960 ஆகஸ்டில் கேரளத்தில் பாலாய் மத்திய வங்கி மூடப்பட்டது. அதில் பணம் இழந்தவர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. அதன் விளைவாக 1962 ஜனவரி 1 முதல் வங்கி வைப்புகளுக்கு அரசின் காப்பீடு வந்தது. அன்று ஒருவருக்கு ரூ.1,500 வரை இருந்த அந்தப் பாதுகாப்பு, 2020 பிப்ரவரி முதல் ரூ.5 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இன்று நாம் கவலையின்றி வங்கியில் பணம் போடுகிறோம் என்றால், அதற்காக முந்தைய தலைமுறையினர் கண்ணீர் சிந்தியிருக்கிறார்கள்.

கீன்ஸ்: எல்லாரும் ஒரே நேரத்தில் சேமித்தால்?

ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்டு கீன்ஸ் 1936-இல் வேறொரு கேள்வியை எழுப்பினார். ஒரு குடும்பம் சிக்கனமாக இருப்பது நல்லது. ஆனால் மந்தமான காலத்தில் எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் செலவைச் சுருக்கினால் என்ன ஆகும்? வாங்குவோர் இன்றிக் கடைகள் படுத்துவிடும். கடை படுத்தால் உற்பத்தி நிற்கும். உற்பத்தி நின்றால் கூலி நிற்கும். கடைசியில் யாராலும் சேமிக்க முடியாமல் போகும்.

கிறிஸ்துமஸ் காலத்தில் நெல்லையில் ஒருவரும் துணி எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பணம் மிஞ்சும்; ஆனால் வீரவநல்லூர் நெசவாளியும், நம் தெருத் தையற்காரரும் அந்த மாதம் பட்டினி கிடப்பார்கள்.

இது வெறும் கற்பனை அன்று. கொரோனா காலத்தில், 2020-21 நிதியாண்டில், இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளம் தடையின்றி வந்த வீடுகளில் வெளியே போய்ச் செலவழிக்க வழி இல்லாததால் மிஞ்சிய பணம் அது. அதே மாதங்களில் கொத்தனாரும், ஆட்டோ ஓட்டுநரும், பந்தல் போடுபவரும் வேலையின்றி இருந்த சேமிப்பையும் கரைத்தார்கள். ஒரு வீட்டின் சேமிப்புக்குப் பின்னால் இன்னொரு வீட்டின் வேலையின்மை இருந்தது. ஆகவே 'சேமிப்பு உயர்ந்தது' என்று செய்தி வந்தால் யாருடைய சேமிப்பு என்று நாம் கேட்கப் பழக வேண்டும்.

அரசு: உங்கள் சேமிப்பு நாட்டுக்கு வேண்டும்

மூன்றாவது பார்வை அரசுடையது. இந்தியாவில் 1882-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. ஏழைகளின் சிறு தொகையைப் பத்திரப்படுத்த அது உதவியது. அரசுக்கும் குறைந்த செலவில் நிதி கிடைத்தது. விடுதலைக்குப் பின் 1951-இல் ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கியபோது, சிறுசேமிப்பு ஒரு நாட்டுப்பணியாகவே போற்றப்பட்டது. பள்ளியில் சஞ்சயிகா அட்டையில் சில்லறை கட்டிய நினைவு நம்மில் பலருக்கு உண்டு. 1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின், வங்கிக் கிளைகள் சிற்றூர்களுக்கும் வந்தன. பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015-இல் வந்தது.

இவை நல்லவையே. எனினும் அரசின் கண்ணும் வீட்டுத் தலைவியின் கண்ணும் எப்போதும் ஒன்றையே பார்ப்பதில்லை. தங்கத்தை எடுத்துக்கொள்வோம். சீனப் போருக்குப் பின் 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். நாட்டின் பார்வையில் வீட்டுத் தங்கம் முடங்கிக் கிடக்கும் பணம். பெண்ணின் பார்வையிலோ, நிலமும் வீடும் கணவர் பெயரில் இருக்கும்போது தனக்கென்று இருக்கும் ஒரே சொத்து அந்தக் குண்டுமணித் தங்கம்தான். அந்தச் சட்டத்தால் பொற்கொல்லர்கள் பலர் பிழைப்பை இழந்தார்கள். தங்க ஆசை மட்டும் குறையவில்லை. 1968-இல் தனிச் சட்டமாகவும் ஆன இந்தக் கட்டுப்பாடு 1990-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கறுப்புப் பணத்தைப் பிடிக்க விரித்த வலையில், அரிசிப் பானையின் சிறுவாடும் அகப்பட்டது. கணவருக்குத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை அவர் கையிலேயே கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டிய நிலை பல பெண்களுக்கு வந்தது. பணம் மாறியது, அதன்மேல் அவளுக்கிருந்த உரிமை பல வீடுகளில் திரும்பி வரவில்லை.

அரசு சேமித்து வைப்பதைப் பற்றித் திருவிவிலியத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. தொடக்க நூல் 41-ஆம் அதிகாரத்தில் யோசேப்பு, வளமான ஏழு ஆண்டுகளில் விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்துவைக்கப் பார்வோனுக்கு ஆலோசனை சொன்னார். அதனால் எகிப்து பஞ்சத்தில் பிழைத்தது. ஆனால் அதே நூலின் 47-ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். அந்தத் தானியத்தை வாங்குவதற்காக மக்கள் முதலில் பணத்தையும், பிறகு கால்நடைகளையும், இறுதியில் நிலத்தையும் பார்வோனிடம் கொடுத்து அவனுக்கு அடிமைகளானார்கள். களஞ்சியம் உயிரைக் காத்தது. சாவி தங்கள் கையில் இல்லாததால் மக்கள் நிலத்தை இழந்தார்கள்.

பொதுவுடைமை: தனிச்சொத்தாக மாறாத சேமிப்பு

சோவியத் ஒன்றியத்தில் தொழிற்சாலையும் நிலமும் அரசுக்கே சொந்தம். தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்து அரசுச் சேமிப்பு வங்கியில் வைக்கலாம், வட்டியும் உண்டு. ஆனால் அதைக் கொண்டு ஒரு பட்டறை தொடங்கவோ, ஒருவரை வேலைக்கு வைக்கவோ வழியில்லை. கடைகளில் பொருளும் குறைவு. அதனால் வாங்க முடியாத பணம் புத்தகத்தில் ஏறிக்கொண்டே போனது. 1991 டிசம்பரில் அந்த ஒன்றியம் கலைந்தது. 1992 ஜனவரியில் ரஷ்யாவில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதும், ஒரே ஆண்டில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்காயின. முதுமைக்கென்று வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்துக்குச் சில நாள் சாப்பாடுகூட வாங்க முடியவில்லை.

ஆனால் பொதுவுடைமையாளர் எழுப்பிய ஒரு கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. வயிற்றுக்கே போதாத கூலி வாங்குபவரிடம் சேமிக்கச் சொல்வது நியாயமா? நம் பீடித் தொழிலாளர்களுக்கு 1966-இல் தனிச் சட்டமும், 1977-இல் வருங்கால வைப்பு நிதியும் வந்தன. அதற்கு முன் பீடி சுற்றி முதுமையடைந்த பெண்ணிடம் மிஞ்சியது இருமலும் வளைந்த முதுகும்தான். பி.எப். பணம் வந்த பிறகே பல வீடுகளில் மகளின் படிப்பும், கூரை வீட்டுக்கு மாற்றாக ஒரு காரை வீடும் சாத்தியமாயின. சேமிக்கும் பழக்கம் அவர்களிடம் எப்போதும் இருந்தது. சேமிக்கத்தக்க கூலியும் சட்டப் பாதுகாப்பும்தான் தாமதமாக வந்தன.

திருச்சபை கேட்கும் கேள்வி

1891 மே 15 அன்று திருத்தந்தை 13-ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். திருச்சபையின் சமூகப் படிப்பினைக்கு அதுவே அடித்தளம். அதில் சேமிப்பைப் பற்றி அவர் இரண்டு செய்திகளைச் சொல்கிறார்.

முதலாவது: ஒரு தொழிலாளி தன் கூலியில் மிச்சப்படுத்தி ஒரு துண்டு நிலம் வாங்கினால், அந்த நிலம் அவருடைய கூலியின் இன்னொரு வடிவமே. ஆகவே அதை அவரிடமிருந்து பறிப்பது அவருடைய கூலியைப் பறிப்பதாகும். இது பொதுவுடைமைக்கு அவர் சொன்ன பதில்.

இரண்டாவது: தொழிலாளிக்குத் தன்னையும் மனைவி மக்களையும் காப்பாற்றப் போதுமான கூலி கிடைத்தால், அவர் சிக்கனமாக வாழ்ந்து சிறிது சேமித்து, ஒரு சிறு சொத்துக்கு உரியவராக முடியும். இது முதலாளிகளுக்கு அவர் வைத்த கோரிக்கை. சேமிப்பை உபதேசிப்பதற்கு முன் நியாயமான கூலியைக் கொடுங்கள் என்பது இதன் பொருள். 1931-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் 'குவாத்ரஜேசிமோ ஆன்னோ' சுற்றுமடலில் இதையே மீண்டும் வலியுறுத்தினார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை 14-ஆம் லியோ, தாம் அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதற்கு 13-ஆம் லியோவின் இந்தச் சுற்றுமடலே முக்கியக் காரணம் என்று கர்தினால்மாரிடம் விளக்கினார். எனவே இது பழைய ஏட்டுச் செய்தி அன்று.

ஆனால் திருச்சபை அங்கே நின்றுவிடவில்லை. சொத்து என்னுடையது, எனக்கு மட்டுமே உரியது அன்று. 4-ஆம் நூற்றாண்டில் செசரியா நகரின் புனித பசிலியார், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையைப் பற்றி (லூக்கா 12:16-21) மறையுரை ஆற்றினார். நாம் பூட்டி வைத்திருக்கும் உணவு பசித்தவருக்கும், பெட்டியில் கிடக்கும் உடை உடையற்றவருக்கும் உரியது என்று அவர் கண்டித்தார். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், தனிச்சொத்தின் மீது ஒரு சமூக அடமானம் இருக்கிறது என்று எழுதினார். அடமானம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நகை நம்முடையது, ஆனால் அதன்மேல் இன்னொருவருக்கு உரிமை இருக்கிறது. அப்படியே நம் சேமிப்பின்மீது ஏழைக்கு ஓர் உரிமை இருக்கிறது.

பாலைநிலத்தில் மன்னா விழுந்த நிகழ்ச்சியிலும் இதே அளவுகோலைக் காணலாம் (விடுதலைப் பயணம் 16). நாளைக்கென்று பேராசையால் பதுக்கியது புழுத்துப்போனது. ஓய்வுநாளுக்கென்று ஆண்டவர் சொன்னபடி எடுத்து வைத்தது கெடவில்லை. தேவைக்கும் ஓய்வுக்கும் வைப்பதை இறைவன் ஆசீர்வதிக்கிறார். தேவை எது, பதுக்கல் எது என்று பகுத்தறிவதே நம் கடமை.

திருச்சபை செய்து காட்டிய வழி

இந்தப் படிப்பினை ஏட்டோடு நிற்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வட்டிக்காரர்களிடம் சிக்கிய ஏழைகளுக்காகப் பிரான்சிஸ்கன் துறவியர் அறக்கடன் நிலையங்களைத் தொடங்கினார்கள். 1462-இல் பெருஜியா நகரில் ஒன்று அமைந்தது. பொருளை அடகு வைத்து, நிலையத்தின் செலவுக்கு மட்டும் ஒரு சிறு தொகை கொடுத்துக் கடன் பெறலாம். 1515-இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் இதற்கு ஒப்புதல் தந்தது.

ஜெர்மனியில் ரெய்பைசன் என்னும் கிறிஸ்தவர் 1864-இல் ஊர் மக்களின் சிறு சேமிப்பை ஒன்றுதிரட்டிக் கடன் சங்கம் அமைத்தார். ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. சென்னை மாகாண அரசு இதை ஆராயும்படி பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. 1895-லும் 1897-லும் அவர் அளித்த அறிக்கை இந்தியக் கூட்டுறவுக்கு விதையாயிற்று. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் ஒரு சங்கம் உருவானது. 1909-இல் ராஞ்சியில் இயேசு சபைத் தந்தை ஹாப்மன், நிலத்தை வட்டிக்காரர்களிடம் இழந்துகொண்டிருந்த பழங்குடி மக்களுக்காகக் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார்.

நம் தமிழகத்தில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்த மரபிலேயே வந்தவை. 1992-இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. நம் பங்குகளிலும் அருள்சகோதரிகளும் மறைமாவட்டச் சமூகப் பணியாளர்களும் வீடு வீடாகச் சென்று குழுக்களை அமைத்தார்கள். முதலில் சேமிப்பு, பிறகு அந்தச் சேமிப்பிலிருந்தே கடன், அதன் வட்டியும் குழுவுக்கே என்பதுதான் முறை. 2009-இல் 'உண்மையில் அன்பு' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், அறக்கடன் நிலையங்களை நினைவுகூர்ந்து, ஏழைகளை வட்டிக் கொடுமையிலிருந்து காக்கும் சிறுகடன் முயற்சிகளை ஊக்குவித்தார்.

ஆனால் இன்று 'குழு' என்ற பெயரிலேயே வேறொன்றும் நம் தெருக்களில் நடமாடுகிறது. அதில் சேமிப்பு கிடையாது. கடன் மட்டும்தான். வாரந்தோறும் தவணை கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நாம் மயங்கிவிடக் கூடாது. ஒன்று அணை கட்டுவது. மற்றொன்று இல்லாத தண்ணீருக்கு இன்றே வரி கட்டுவது.

இன்று நம் வீடுகளில்

2022-23 நிதியாண்டில் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 விழுக்காடாகக் குறைந்தது. பல பத்தாண்டுகளில் இதுவே மிகக் குறைவு. மக்கள் சேமிப்பதை அறவே விட்டுவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. வாங்கிய கடன், போட்ட சேமிப்பை விழுங்கத் தொடங்கிவிட்டது என்பதே பொருள். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது, கையில் சேமிப்பு இருந்த வீடுகள் தடுமாறி எழுந்தன. இல்லாத வீடுகள் அடகுக் கடைக்குப் போயின.

அதற்கும் வழியற்றவர்கள் எங்கே போவார்கள்? 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், இரு சிறு குழந்தைகளோடு தீக்கிரையானது. கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003 முதலே தமிழகத்தில் இருந்தது. சட்டம் இருந்தும், ஊரார் இருந்தும், கோவில்கள் இருந்தும், அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுக்க ஒரு சிறு நிதி எங்கும் இல்லை. இது நம் ஒவ்வொருவருடைய மனச்சான்றையும் தொட வேண்டிய நிகழ்ச்சி.

ஆகவே நாம் நேர்மையாகச் சிலவற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

நம் வீட்டுச் சேமிப்பு எதற்காகக் கரைகிறது? வரதட்சணையை நகை என்றும் சீர்வரிசை என்றும் பெயர் மாற்றிக் கொடுக்கிறோம். இருபது ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் மண்டபத்தில் கரைகிறது. வீட்டுத் தலைவரின் கூலியில் பெரும் பங்கு மதுக்கடைக்குப் போகும் இல்லங்களில், மனைவியின் சிறுவாடு மட்டும் குடும்பத்தைத் தாங்க முடியுமா?

நம் சேமிப்பு யாருடைய பெயரில் இருக்கிறது? உழைத்த பெண்ணின் பெயரில் ஒரு கணக்காவது இருக்கிறதா? அதை எடுக்கும் அட்டை யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது?

எங்கே போடுகிறோம்? ஓராண்டில் இருமடங்கு என்று ஆசை காட்டும் நிறுவனங்களால் ஏமாந்தவர்களுக்காகவே 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டது. ஆனாலும் புதுப் பெயர்களில் அவை வந்துகொண்டே இருக்கின்றன. நம்மோடு திருப்பலிக்கு வருபவர் சொன்னார் என்பதற்காக மட்டும் பணத்தைக் கொடுத்துவிடலாமா?

பங்குச் சமூகமாக நாமும் நம்மைச் சோதித்தறிய வேண்டும். ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை நாம் அடிக்கடி புகழ்கிறோம் (மாற்கு 12:41-44). அதற்குச் சற்று முன்னே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை ஆண்டவர் கண்டிக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். திருவிழா வரியையும் கட்டடக் காணிக்கையையும் குறிக்கும்போது, அந்தத் தொகை எந்த வீட்டின் மருந்துச் செலவிலிருந்து வருகிறது என்று பங்குப்பேரவை எண்ணிப் பார்க்கிறதா? வாணவேடிக்கைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியையாவது அவசர உதவி நிதியாக ஒதுக்கக் கூடாதா?

நம் முன்னோர் சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டு வைத்தார்கள். பிடியரிசி என்பது அதன் பெயர். பெரிய பொருளாதார நூல் எதையும் அவர்கள் படித்ததில்லை. ஆயினும் வீட்டுக்கு மிச்சம் பிடிப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் ஒரே கை செய்யும் வேலை என்பதை அறிந்திருந்தார்கள். ஒவ்வோர் அன்பியத்திலும் மாதம் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, நோய்க்கும் சாவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வட்டியின்றிக் கொடுத்துத் திரும்பப் பெறும் ஒரு நிதியைத் தொடங்கினால், அந்தப் பிடியரிசி புது வடிவில் திரும்பி வரும். கணக்கை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பொறுப்பைப் பெண்களிடம் கொடுங்கள். கடன் கேட்டு வருபவரின் மானத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் பார்த்த அந்தப் பெண்ணிடம் மீண்டும் வருவோம். காணாமற்போன காசு கிடைத்ததும் அவள் என்ன செய்தாள்? அதை மற்ற ஒன்பதோடு சேர்த்து முடிந்து, கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. தோழியரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துத் தன் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டாள். அவளிடம் பத்துக் காசு இருப்பது அதுவரை வெளியே தெரிந்திருக்காது. அன்று தெருவுக்கே தெரிந்தது. அதைப் பற்றி அவள் அஞ்சவில்லை.

அத்தகைய தெருவாக நம் அன்பியங்கள் மாறட்டும். உழைப்பவர் கூலியில் சிறிது மிச்சம் இருக்கவும், மிச்சம் பிடித்தது பத்திரமாக இருக்கவும், பத்திரமாக இருப்பதில் ஏழைக்கும் ஒரு பங்கு இருக்கவும் நாம் உழைப்போம். தாமிரபரணியை நமக்குத் தந்த இறைவன் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.